இரட்டைக் கொக்கிக்குள் சேட்டு

எனக்கு இந்தி தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.சி.ஏ. படித்த காலம் முழுவதும் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம், ஒருவரும் நம்பவில்லை.

காரணம், நான் ஜெயின். காஞ்சிபுரத்திலிருந்து வேகவதி ஆற்றைத் தாண்டினால் வருகிற திருப்பருத்திக்குன்றம் எங்கள் ஊர். எங்கள் தெருவில் இருப்பவர்கள் எல்லாரும் தமிழ்ச் சமணர்கள். நெல் விளைத்து, சாம்பார் வைத்து, தமிழிலேயே சண்டை போட்டுத் தமிழிலேயே சமாதானம் ஆகிற கூட்டம். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் எங்களுக்கும் கண்ணில் படுகிற மாதிரி ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. சூரியன் மறைவதற்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவோம். இருட்டிவிட்டால் மறுநாள் காலை வரை ஒரு பருக்கை உள்ளே போகாது.

இதெல்லாம் யாருக்குத் தெரியும்? கல்லூரியில் 'ஜெயின்' என்று சொன்னேனோ இல்லையோ, அன்றைக்கே நான் சேட்டு வீட்டுப் பெண் ஆகிவிட்டேன். "உங்க அடகுக் கட எந்தத் தெருவுல இருக்குது?" என்று முதல் வாரமே ஒருத்தி கேட்டாள். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அடகுக் கடைக்கும் எங்களுக்கும் உறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற உறவு. இதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். ஊரில் யாரைப் பார்த்தாலும் கம்ப்யூட்டர் படித்தார்கள். எங்கள் கல்லூரி ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருந்தது. அங்கே எங்கள் துறைத் தலைவர் எங்களுக்கு மாடலிங் நடத்தினார். புரோகிராம் எழுத உட்காருவதற்கு முன்னால் படம் வரைய வேண்டும் என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெட்டி. பெட்டியில் பெயர், பெயருக்குக் கீழே அதன் குணங்கள், அதற்கும் கீழே அது செய்கிற வேலைகள். இது போதாதென்று, பெயருக்கு மேலே இரட்டைக் கொக்கி போட்டு, அந்தப் பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்றும் எழுதலாம். அந்த மேல் வரிக்குப் பெயர் ஸ்டீரியோடைப்.

"உள்ள என்ன இருக்குதுன்னு படிக்காமலே, மேல பாத்த உடனே இது இன்ன வகைன்னு புரிஞ்சிடும். எவ்ளோ நேரம் மிச்சம் பாருங்க," என்றார் சார். அவருக்கு நேரம் மிச்சமாகிற எதுவும் பிடிக்கும்.

வகுப்பு முடிவதற்குள் அந்தக் கொக்கி கரும்பலகையிலிருந்து இறங்கி பெஞ்சுகளுக்கு வந்துவிட்டது. என் மேஜையில் சாக்பீஸால் பெரிதாக «சேட்டு» என்று எழுதியிருந்தது. எழுதியவன் என் புராஜெக்ட் கூட்டாளி, பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பையன். நான் சும்மா விடுவேனா? அவன் பையின் மேல் «பட்டு» என்று எழுதினேன். அந்த வாரம் முழுவதும் எங்கள் வகுப்பில் பெயருக்கு மேலே கொக்கி இல்லாத ஆளே கிடையாது. தூங்குமூஞ்சி ஒருவன், முதல் பெஞ்ச் ஒருத்தி, அரசியல் ஒருவன். வாத்தியார் திரும்பினால் அவர் முதுகுக்குப் பின்னால் காற்றில் கொக்கி போட்டுக் காட்டுவோம். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எந்தப் பாடத்தையும் படித்ததில்லை.

சந்தோஷமாக இருந்தது என்பதற்காகக் கோபம் வரவில்லை என்று அர்த்தமில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதுவும் சார் அந்தக் கொக்கியை விளையாட்டாக இல்லாமல் நிஜமாகவே போட்டபோது ரொம்பவே வந்தது. எங்கள் புராஜெக்ட் ஒரு பட்டுப் புடவைக் கடைக்கான சாஃப்ட்வேர். அவர் வேலையைப் பிரித்துக் கொடுத்த விதம் இப்படி: "நீ சேட்டு வீட்டுப் பொண்ணு, பில்லிங் எடுத்துக்கோ. நீ தறி வீட்டுப் புள்ள, புடவை கலர், டிசைன் எல்லாம் நீ பாத்துக்கோபா."

கூட்டாளி ஏதோ சொல்ல வாயெடுத்தான். சார் அதற்குள் அடுத்த ஜோடிக்குப் போய்விட்டார். கணக்கில் நான் எந்த லட்சணம் என்பது என் மார்க் ஷீட்டைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் திறக்கவில்லை. நேரம் மிச்சம்.

எனக்கு அப்போது பெங்களூரில் ஒரு வேலை கிடைத்திருந்தது. அந்த வருடம் வேலை கிடைப்பதே குதிரைக் கொம்பு. புராஜெக்ட் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் முதல் முறையே பாஸானால்தான் சேர முடியும். தவறினால் அடுத்த தேர்வு வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். "வேலைக்குப் போனீன்னா சரி, இல்லன்னா தைக்குள்ள முடிச்சிடலாம்," என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள். எனக்குப் போக வேண்டும். ஊரைப் பிடிக்காமல் இல்லை. ஒரு தடவையாவது யாரும் என்னைத் தெரியாத இடத்தில் போய் நிற்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

வைவாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சார் என்னைக் கூப்பிட்டார். வெளியிலிருந்து வரப்போகிற எக்ஸாமினர் சென்னைக் கல்லூரி ஒன்றில் பேராசிரியை, வடக்கத்திக்காரர், மார்வாடி ஜெயின். போனில் இங்கிலீஷில்தான் பேசினாராம்.

"நீதாம்மா பஸ் ஸ்டாண்டு போயி அவங்கள அழச்சிக்கினு வரணும். உங்க ஆளுங்க பாரு. இந்தில நாலு வார்த்த பேசினீன்னா குளுந்துடுவாங்க. கிளாஸுக்கே நல்லது."

"சார், சத்தியமா எனக்கு இந்தி வராது சார்."

"ஒன் அடக்கமே அடக்கம்," என்று சிரித்தார். "நான் ஏற்கெனவே அவங்ககிட்ட சொல்லிட்டேன், இந்தி பேசற பொண்ணு வரும்னு."

நான் என்ன செய்வது? பஸ் ஸ்டாண்டில் தொங்குகிற, ஒரு மாதத்தில் இந்தி கற்றுத் தருவதாகச் சொல்லுகிற மலிவுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். மாடலிங் படிக்க வேண்டிய நேரத்தில் 'உங்கள் பயணம் எப்படி இருந்தது' என்பதை உருப் போட்டேன். அப்பா ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "யாரையாவது திட்டறியாம்மா?" என்றார்.

வைவா அன்றைக்குப் பார்த்து வைகாசி கருட சேவை. பல்கலைக்கழகத்துக்கு இதெல்லாம் என்ன தெரியும், தேதி போட்டுவிட்டார்கள். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெருமாள் கிளம்பி வந்தால் ஊரே தெருவில் நிற்கும். பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. நானும் அங்கேயே போய்க் காத்திருந்தேன். எக்ஸாமினர் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. காட்டன் புடவை, குட்டையாக வெட்டிய நரைமுடி, தோளில் ஜோல்னாப் பை. நான் கையைக் கூப்பி, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"ஆப்கா சஃபர் கைஸா தா?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, கல்லைப் பொறுக்கிப் போடுகிறவர் போல, "பஹுத் அச்சா தா," என்றார். ரொம்ப நன்றாக இருந்ததாம். நான் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார்.

ஆட்டோவில் ஏறினோம். என்னிடம் இன்னும் கொஞ்சம் வாக்கியங்கள் பாக்கி இருந்தன. 'வெயில் அதிகம்' என்றேன். 'ஆமாம், வெயில் அதிகம்' என்றார். 'தண்ணீர் வேண்டுமா' என்றேன். 'வேண்டாம்' என்றார். அதோடு என் சரக்கு தீர்ந்துவிட்டது. அவர் வெளிப் பக்கம் திரும்பிக்கொண்டபோது, இனிமேல் எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்று எங்கள் ஊர் தீர்த்தங்கரர்களை எல்லாம் வேண்டிக்கொண்டேன். அவரும் அதே வேண்டுதலில்தான் இருந்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஊருக்குள் போக முடியாமல் ஆட்டோ சுற்றிக்கொண்டு போனது. கல்லூரி வாசலில் இறங்கியதும் டிரைவர் பேசிய கூலியைவிட ஒரு மடங்கு கூடுதலாகக் கேட்டார். "பெருமாள் வராரு மேடம், சுத்திக்கினு வந்தேன் இல்ல?" நான் வாதாட வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"இன்னாபா கத வுட்ற? பெருமாள் வராருன்னா, உன் ஆட்டோலயா குந்திக்கினு வந்தாரு? ஏறும்போது இன்னா சொன்ன, இறங்கும்போது இன்னா சொல்ற? பேசினத வாங்கிக்கினு கெளம்பு நைனா!"

டிரைவர் அசந்துபோய்ப் பேசிய கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் எக்ஸாமினர் பக்கம் திரும்பினேன்.

"மேடம், உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியுமாவா? சௌகார்பேட்டைல பொறந்து வளந்தவ நானு. வூட்டுல மார்வாடி, வெளில தமிழு. நீ எதுக்கும்மா எங்கிட்ட இந்தில பேசின?"

"உங்களுக்காகத்தான் மேடம். எனக்கு இந்தி சுத்தமா வராது. நான் தமிழ் ஜெயின்."

அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். "அய்ய! உனக்கு இந்திதான் வரும்னு உங்க ஹெச்.ஓ.டி. சொன்னாரு. எனக்குச் சினிமா இந்தியே பாதி புரியாது. உனக்கோசரம் நேத்து எங்க மாமியாருகிட்ட கேட்டு மனப்பாடம் பண்ணிக்கினு வந்தேன்மா!"

கல்லூரி வாசலில், கொளுத்துகிற வெயிலில், நாங்கள் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வாட்ச்மேன் எழுந்து நின்று பார்த்தார். இல்லாத ஒரு மொழிக்காரிக்காக இன்னொரு இல்லாத மொழிக்காரி ராத்திரி பாடம் படித்து வந்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் மேல் வரியை எழுதியது ஒரே கை.

சாருக்கு இதைச் சொன்னபோது பேயறைந்தவர் மாதிரி நின்றார். பாவம், மத்தியானத்துக்கு மேடத்துக்காக ஹோட்டலிலிருந்து சப்பாத்தியும் பனீரும் வரவழைத்திருந்தார். மேடம் அதை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, "ரசம் இருக்குதா?" என்று கேட்டார்.

ஆனால் சிரிப்பு வேறு, வைவா வேறு. நாற்காலியில் உட்கார்ந்ததும் மேடம் ஆளே மாறிவிட்டார். உள்ளே போனவர்கள் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்கள். தாமதமாக ஆரம்பித்தது, வரிசையில் நாங்கள் கடைசி. ஏழு மணிக்கு லேபைப் பூட்டி, மதிப்பெண் தாளை முத்திரை வைத்து அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும். யாராவது விட்டுப்போனால் அடுத்த தேர்வில்தான்.

எங்களைக் கூப்பிட்டபோது ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டது. அம்மா தினமும் எனக்கு இரண்டு டப்பா கொடுத்தனுப்புவாள், ஒன்று மத்தியானத்துக்கு, ஒன்று சாயங்காலத்துக்கு. இரண்டாவது டப்பா பையில் அப்படியே இருந்தது. இனிமேல் அதைத் தொட நேரமில்லை. ஒரு ராத்திரி பட்டினி எனக்குப் பழக்கம்தான். ஆனால் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அவரும் ஜெயின். காலையில் சென்னையில் கிளம்பியவர். சார் எட்டு மணிக்கு ஹோட்டலில் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தார். எட்டு மணிக்குச் சாப்பிட முடியாதவருக்கு அது எதற்கு?

கேட்கலாமா, வேண்டாமா? கேட்டு, அவர் சாப்பிட எழுந்து ஊருக்குள் போனால், இந்தக் கூட்டத்தில் ஏழு மணிக்குள் திரும்பி வர முடியாது. எங்கள் முறை போய்விடும். பெங்களூரும் போய்விடும். கூட்டாளி என் முழங்கையில் இடித்தான், ஆரம்பி என்று. எனக்கு மனசு கேட்கவில்லை. மத்தியானம் இந்தி விஷயத்தில் வாங்கிய அடியில், தெரிந்ததாக நினைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

"மேடம், நீங்க இருட்டினப்புறம் சாப்பிடுவீங்களா?"

சார் என்னை முறைத்தார். மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"நானா? பத்து மணிக்கு பீச்சுல மொளகா பஜ்ஜி துன்றவ நானு. எங்க மாமியார்தான் வெளிச்சத்துலயே முடிச்சிடுவாங்க. ஏன் கேக்கற?" கேட்டுவிட்டு, ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீ துன்ன மாட்டியா?"

"மாட்டேன் மேடம்."

"டப்பா வெச்சிருக்கியா?"

"இருக்குது மேடம்."

"அப்ப எட்றா டப்பாவ. துன்னுக்கினே பதில் சொல்லு."

"மேடம், லேபுக்குள்ள உணவுப் பண்டம்..." என்று சார் ஆரம்பித்தார். மேடம் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

இப்படியாக, தக்காளி சோறும் வாழைக்காய் வறுவலும் மடியில் வைத்துக்கொண்டு நான் வைவா கொடுத்தேன். கூட்டாளி கம்ப்யூட்டரில் புடவைகளைக் காட்டினான். மேடம், "அரக்குக் கலர் இருந்தா காட்டுபா," என்றார். அவன் தட்டினான். திரையில் வரிசையாகப் புடவைகள் வந்தன. அத்தனையும் கரும்பச்சை.

நான் பில்லிங்கோடு நின்றுவிட்டேன், அவன் பக்கத்துத் திரையை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

"இது அரக்கா?"

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். "மேடம், எனக்குச் செவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும். சின்ன வயசுல ஒரு தபா நூல மாத்திக் கோத்துட்டேன். அப்பவே எங்க அப்பா தறிப் பக்கம் வராதன்னு சொல்லிட்டாரு. அதனாலதான் கம்ப்யூட்டர் படிக்க வந்தேன்."

"அப்பறம் கலர யாரு உங்கிட்ட குடுத்தது?"

அவன் கீபோர்டைத் துடைத்தான். நான் டப்பாவைக் கிளறினேன். சார்தான், அவருக்கு நான் நன்றி சொல்லியே ஆக வேண்டும், மெதுவாகச் சொன்னார்: "நான்தான் மேடம். தறி வீட்டுப் பையன்னு..."

மேடம் என் பக்கம் திரும்பினார். "சரி, நீ சொல்லு. ஸ்டீரியோடைப்னா இன்னா?"

புத்தகத்தில் இருந்த விளக்கம் எனக்கு ஒரு எழுத்துகூட ஞாபகம் வரவில்லை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, தோன்றியதைச் சொன்னேன்.

"ஒரு பெட்டி இன்ன வகைன்னு மேல எழுதறது மேடம். அது தேவைதான். மொழில இல்லாத ஒரு வகைய நாமளே உண்டாக்கிக்கலாம், ஒரே மாதிரி பெட்டிங்கள ஒண்ணா பாக்கலாம். ஆனா மேல எழுதிட்டதால கீழ இருக்கற குணம் எதுவும் அழிஞ்சு போவாது. பெட்டிய வரையறவன் உள்ள இருக்கறதத் தெரிஞ்சிக்கினு மேல எழுதணும். நாங்க மேல எழுதிட்டு உள்ள காலியா வுட்டுட்டோம். இவனத் தறி வீட்டுப் பையன்னு எழுதினது தப்பில்ல மேடம், இவன் தறி வீட்டுப் பையன்தான். நான் ஜெயின்தான், நீங்களும் ஜெயின்தான். ஆனா எனக்கு இந்தி வராது, உங்களுக்கும் வராது. இருட்டினா எனக்குச் சோறு எறங்காது, உங்களுக்கு பஜ்ஜி எறங்கும். அதுக்கு மேல் வரியப் பாத்தா பத்தாது, கேட்டாத்தான் தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான், ஒரு எக்ஸாமினரின் பஜ்ஜியைப் பற்றிப் பேசிவிட்டேன் என்பது உறைத்தது. மேடம் சிரிக்கவில்லை. கை நீட்டி என் டப்பாவிலிருந்து ஒரு வாழைக்காய் வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே மதிப்பெண் தாளில் ஏதோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.

"கலர் தப்பு தப்புதான். கடக்காரன் அரக்குன்னு கேட்டு பச்சைய வாங்கிக்கினு போவ மாட்டான். அதுக்கு ரெண்டு பேருக்கும் மார்க்க கொறச்சிருக்கேன்." தாளைத் திருப்பி எங்கள் பக்கம் காட்டினார். "மத்தபடி பாஸ், ரெண்டு பேரும்."

கூட்டாளி துள்ளிக் குதித்து நாற்காலியைக் கீழே தள்ளினான். சார் கைதட்டிவிட்டார், பிறகு வெட்கப்பட்டு அந்தக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் சந்தோஷத்தில் டப்பாவை மூடிவிட்டு எழுந்தேன், ஓடிப் போய் அப்பாவுக்குப் போன் செய்ய. மேடம் என் தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார்.

"எங்க ஓட்ற? பாதி சோறு அப்படியே இருக்குது பாரு. இன்னும் வெளிச்சம் இருக்குது. மெதுவாத் துன்னு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். கடைசிப் பருக்கை வரை அவர் எழுந்து போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.